ஆடை பாதிக்கு மேல்

ஆள் பாதி ஆடை பாதி என்னும் மொழியில்
இதை எழுதுகிறேன்.
எனரிட்ஸ் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ள மாட்டாள்.
அவளுடைய ஆள் மூன்று நானோமீட்டர்.
மிச்சமெல்லாம் ஆடை.

டொனோஸ்டியா, நவம்பர்.
மழையென்றும் பனியென்றும் சொல்ல முடியாத தூவல்,
அங்கே சிரிமிரி என்பார்கள்,
காலையிலிருந்து குன்றைத் துடைத்துக்கொண்டிருக்கிறது.
அவள் மழையங்கியில் நீர் மணிமணியாய் நின்று
படியேறுகையில் உருண்டு விழுகிறது.
உள்ளே இதற்கு நேர்மாறான வேலை:
நனைய மறுத்துப் பிறந்ததை
நனையச் சம்மதிக்க வைப்பது.

குப்பியில் இரண்டு அடுக்கு.
மேலே ஹெக்ஸேன். கீழே தண்ணீர்.
புற ஊதா விளக்கைத் தட்டினால்
மேலடுக்கு மட்டும் செம்மஞ்சளாய் எரியும்.
சூட்டு எண்ணெயில் பிறந்த குவாண்டம் புள்ளிகள்,
உடம்பெல்லாம் பிசுக்கு,
தண்ணீர்ப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.
நடுவயிற்றில் காட்மியம்.
அதனால்தான் இத்தனை ஆடைக் கவலை.

முதலில் கந்தகத்தால் பற்றிக்கொள்ளும் சின்ன அமிலம்.
ஒரே குலுக்கல்;
வெளிச்சம் கோட்டைத் தாண்டிக்
கீழே இறங்கியது.
பெஞாட் மேசையை ஓங்கித் தட்டினான்.
பத்தொன்பதாம் நாள் குளிர்பெட்டியைத் திறந்தால்
அடியில் சேறு, அழுகிய முட்டை நாற்றம்.
பொத்தானில்லாச் சட்டை, என்றாள் அவள்.
போகிற போக்கில் கழன்றிருக்கிறது.

பிறகு நீளப் பாலிமர். கழலவில்லை.
பதினேழு நானோமீட்டருக்குப் பருத்துவிட்டது.
சிறுநீரகத்தின் சல்லடைக் கண்ணோ ஐந்தரை.

வேறொன்றைக் குருதிச் சீரத்தில் இட்டார்கள்.
இமைப்பதற்குள் புரதங்கள் ஓடிவந்து
அப்பிக்கொண்டன, ஊரார் வீட்டு விசேஷத்தில்
மணப்பெண்ணைச் சூழ்ந்துகொள்வதுபோல்.
உடுத்தி அனுப்பியது ஒன்று.
ஈரல் பார்த்தது இன்னொன்று.

கூட்டலும் கழித்தலும் ஒரே மூலக்கூறில்,
இரண்டு கந்தகப் பிடிகளோடு:
அதற்கு ஏழு மாதம் ஆனது.
எவரும் திரும்பிப் பார்க்காத உடை.
புரதங்கள் பக்கத்திலேயே போயின,
தெரியாதவரைக் கடப்பதுபோல.
மொத்தம் ஆறேகால்.
முக்கால் கூடுதல்தான். பரவாயில்லை என்றார்கள்.

முப்பத்தோராம் எண் எலி.
தோலை விலக்கியபோது அக்குளில்
கடுகளவு நிணநீர் முடிச்சு
தானே விளக்கேற்றிக்கொண்டிருந்தது.
இம்முறை பெஞாட் மேசையைத் தட்டவில்லை.
கூண்டில் விரித்த மரத்தூளின்மேல்
விளக்கைப் பிடித்தான்:
ஈரமிருந்த இடமெல்லாம் செம்மஞ்சள்.
எலி மூத்திரத்தைப் பார்த்து
இரண்டு முனைவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டதை
கதவருகே நின்ற துப்புரவாளர் ஹோசுனே
இன்னும் எல்லோரிடமும் சொல்கிறார்.

தொண்ணூறாம் நாள், வேறோர் எலியின் ஈரல் துண்டில்
சில புள்ளிகள் எரிந்தபடி கிடந்தன.

போகவில்லையே, என்றான் பெஞாட்.
எரிகிறது, என்றாள் அவள்.
எரிகிறதென்றால் ஆடை கிழியவில்லை,
உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கிறது.
அணைந்துபோனவற்றை நினை.
அவை எத்தனை, எங்கே,
என்ன கசிந்தது,
இந்த விளக்கால் கேட்க முடியாது.

அவன் பதில் சொல்லாமல்
நுண்ணோக்கியின் குமிழைத் திருகினான்,
ஏற்கெனவே தெளிவாய் இருந்ததை
மேலும் தெளிவாக்க.

மருத்துவமனையிலிருந்து மறுபடி தொலைபேசி:
நோயாளிகளுக்கு எப்போது?
அவள் எடுக்கவில்லை.
படிவத்தில், 'எச்சம்' என்ற கட்டத்தில் எழுதினாள்:
உண்டு. எண்ணியது ஒளிர்வனவற்றை மட்டும்.
கட்டம் சிறியது. இரண்டாம் வாக்கியம்
கோட்டுக்கு வெளியே வழிந்தது.

ஆறரை மணிக்கு இருட்டிவிட்டது.
மழையங்கியின் ஜிப் கழுத்துக்கு ஒரு விரல் கீழே
வழக்கம்போல் சிக்கிக்கொள்ள,
இழுத்துப் பார்த்தாள், விட்டாள்.
பேருந்து நிறுத்தம் வரை
சிரிமிரி அந்த வழியாக
உள்ளே வந்துகொண்டே இருந்தது.